பதியாத உயில், ஒரு சாட்சியும் போய்ச் சேர்ந்தாச்சு: ஆச்சியோட 84 சென்ட் என்னாகும்?

#1 கன்னடியன்கால்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் வீரவநல்லூர் பக்கம், பிழைப்பு கோயம்புத்தூர்.

எங்க அப்பாவைப் பெத்த ஆச்சி 2021-ல் இறந்தாவ. அவிய பேர்ல கன்னடியன் கால் பாசனத்துல 84 சென்ட் நஞ்சை, ஊருக்குள்ள ஒரு மச்சு வீடு. ரெண்டும் ஆச்சி பேர்லயே கிரயம் வாங்கினது, மூலப்பத்திரம் இருக்கு. தாத்தா எண்பதுகளிலேயே போயாச்சு. பிள்ளைங்க மூணு: எங்க அப்பா, சித்தப்பா, அத்தை. இதுல அப்பா 2018-ல, அதாவது ஆச்சிக்கு முன்னாடியே தவறிட்டாவ.

போன மாசம் தென்காசியில அத்தை வீட்டுப் பரண்ல கிடந்த ஆச்சியோட டிரங்குப்பெட்டியைத் திறந்தா, சேலை மடிப்புக்குள்ள ஒரு உயில். 20 ரூபாய் பத்திரத்தாள், 2009 ஆவணி மாசம். எழுதினது எங்க ஊர் வாத்தியார். சாட்சியா அவரும், பலசரக்குக் கடைக்காரரும். ஆச்சி கைநாட்டு. பதிவு பண்ணலை.

வயல் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சரிபாதி. வீடு அத்தைக்கு. கடைசில ஒரு வரி, வருசா வருசம் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில்ல பானக்காரமும் (பானகம்) படைப்பும் செய்யணும்னு.

இப்ப வயலும் சித்தப்பா கையில, வீட்டுலயும் அவியதான் இருக்காவ. உயிலைக் காமிச்சதும் மூணு கேள்வி கேட்டாவ. பதியாத உயில் குப்பைக் காயிதம்தானே? எங்கம்மா கையெழுத்துப் போடத் தெரிஞ்சவ, கைநாட்டு எப்படி வந்துச்சு? வீடு யாருக்குன்னு எழுதியிருக்கோ, அவ வீட்டுப் பரண்லயே இத்தனை வருசம் பெட்டி இருந்துச்சாக்கும்?

எழுதின வாத்தியார் இறந்துட்டார். கடைக்காரர் மகனோட தாராவியில இருக்கார். நான் வயல்ல பாதியை என் பேருக்குப் பட்டா மாத்தணும். வழி சொல்லுங்க அண்ணாச்சிமாரே.

#2 டவுன்_ரதவீதி

பதியலைன்னா செல்லாது தம்பி. எங்க பெரியப்பா கேஸ்லயும் இதேதான். சித்தப்பாகிட்ட சமாதானமா போயிருங்க.

#3 பத்திர_எழுத்தர்_ஓய்வு

ரதவீதி தம்பி, தெரியாததைத் தெரியாதுன்னு விட்டிருக்கலாம். 38 வருசம் சார்பதிவகத்து வாசல்ல குந்தியிருந்து எழுதினவன் சொல்லுதேன். உயிலைப் பதியணும்னு கட்டாயமே கிடையாது. 1908-ஆம் வருசத்துப் பதிவுச் சட்டத்துல, 18-ஆம் பிரிவுல, இஷ்டம் இருந்தா பதியலாம்னு இருக்க பட்டியல்லதான் உயில் வருது. முத்திரைத் தீர்வையும் இல்லை. பிள்ளைங்க நோட்டுல இருந்து கிழிச்ச தாள்ல எழுதினாலும் உயில் உயில்தான். அந்த 20 ரூபாய்த் தாளு நம்ம ஊர்க்காரங்க மனத்திருப்திக்கு வாங்குதது.

ஆனா ஒண்ணு. பதிஞ்சிருந்தா, இது என்னைக்கு எழுதினது, யார் வந்து நின்னாங்கங்கிறதுக்கு ஒரு அரசாங்க முத்திரை இருக்கும். போலின்னு சொல்லுதவன் கொஞ்சம் யோசிப்பான். அவ்வளவுதான் லாபம்.

இன்னொண்ணும் பாருங்க. ஆச்சி 2009-க்கு அப்புறம் வேற உயில் எழுதிப் பதிஞ்சிருந்தா இது செல்லாது. கடைசியா எழுதினதுதான் நிக்கும். வில்லங்கம் போட்டுப் பார்த்து ஒண்ணுமில்லைன்னு நினைச்சிராதீங்க. உயில், சார்பதிவகத்துல உயிலுக்குன்னே இருக்க 3-ஆம் புத்தகத்துல ஏறும், வில்லங்கத்துல வராது. எழுதினவங்க உயிரோட இருக்கும்போது வேற யாருக்கும் நகல் கிடையாது. இறந்த பிறகு இறப்புச் சான்றைக் காமிச்சு மனு போட்டா தேடித் தருவாங்க. முதல் வேலை அது.

#4 கன்னடியன்கால்

நன்றி அண்ணாச்சி. தாள் நைஞ்சு போயிருக்கு, அதான் லேமினேட் பண்ணக் கொடுத்திருக்கேன்.

#5 பத்திர_எழுத்தர்_ஓய்வு

ஐயோ, இப்பவே கடைக்கு ஓடுங்க! பிளாஸ்டிக் ஒட்டிட்டா நாளைக்கு ரேகை நிபுணர் அந்தக் கைநாட்டை எப்படிப் பார்ப்பார்? மையைத் தொட்டுப் பார்க்க முடியாது, தாளோட பின்பக்கம் தெரியாது. காயிதக் கவர்ல போட்டு பீரோவுல வையுங்க. துளை போட வேண்டாம், பின் அடிக்க வேண்டாம்.

#6 கன்னடியன்கால்

தப்பிச்சேன். கடைப் பையன் இன்னும் மிஷினைச் சூடு பண்ணலை.

#7 பாளை_வக்கீல்

கடைப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துடுங்க.

இனி விஷயம். உயில் செல்லுமா என்பது பதிவைப் பொறுத்தது இல்லை, சாட்சியைப் பொறுத்தது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவுப்படி எழுதுகிறவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கணும். குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்திருக்கணும், அல்லது 'இது நான் வைத்ததுதான்' என்று அவர் வாயாலேயே கேட்டிருக்கணும். பிறகு அவர் முன்னிலையில் தங்கள் கையெழுத்தைப் போடணும். சாட்சிகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

நீதிமன்றத்தில் நிரூபிக்க, உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றியாகணும். பழைய சாட்சியச் சட்டத்தில் 68-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-லிருந்து நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 67. உங்கள் கேஸின் உயிர் இப்போது தாராவியில் இருக்கிறது. அவருக்கு வயது என்ன?

ஒரு சந்தேகத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். வாத்தியார் 'இந்தப்படி எழுதினது' என்ற இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, இல்லை சாட்சி இடத்திலும் போட்டிருக்கிறாரா? எழுதியவராக மட்டும் போட்டிருந்தால் சாட்சிக் கணக்கில் அவரைச் சேர்ப்பது கஷ்டம். அப்படியானால் ஒரே சாட்சி, உயில் அடியோடு விழும்.

#8 கன்னடியன்கால்

கடைக்காரருக்கு 78. இப்ப எடுத்துப் பார்த்தேன். வாத்தியார் ரெண்டு இடத்துல போட்டிருக்கார். 'எழுதினது'ன்னு ஒண்ணு, கீழே 'சாட்சி 2'ன்னு நம்பர் போட்டு இன்னொண்ணு.

#9 பாளை_வக்கீல்

வாத்தியார் வாத்தியார்தான்!

78 வயது என்றால் தள்ளிப்போட வேண்டாம். நேரில் போய்ப் பாருங்கள். என்ன சொல்லணும் என்று சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள், என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்கப் போங்கள். வழக்கு என்று வந்தால் அவர் இங்கே வர முடியாவிட்டாலும் ஆணையர் நியமித்து அங்கேயே விசாரிக்க வழி உண்டு. சாட்சிகள் இருவருமே இல்லாமல் போனால், சாட்சி ஒருவரின் கையெழுத்தையும் ஆச்சியின் கைநாட்டையும் வேறு ஆவணங்களோடு ஒப்பிட்டு நிரூபிக்க வேண்டியிருக்கும். செய்யலாம், ஆனால் அது செங்குத்து ஏற்றம்.

உங்கள் சித்தப்பாவின் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளை லேசாக எடுக்காதீர்கள். 1958-ல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் நிற்கிறது: உயிலைச் சுற்றிச் சந்தேகம் வரும்படி ஏதாவது இருந்தால், அதைத் துடைக்க வேண்டியவர் உயிலைக் கொண்டுவருகிறவர். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் கைநாட்டு வைத்தது ஒரு சந்தேகம். பலன் பெறுகிறவர் வீட்டில் உயில் கிடைத்தது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் தேடுங்கள்.

#10 சேரன்மாதேவி_முருகன்

புரொபேட் (உயில் மெய்தான்னு கோர்ட் தர்ற சான்று) வாங்கணும்னு சொல்லுதாங்களே, அது வேண்டாமா? எங்க தாலுகா ஆபீஸ்ல கேட்டாங்க.

#11 பாளை_வக்கீல்

திருநெல்வேலிச் சீமையில் இந்து எழுதி, சொத்தும் இங்கேயே இருந்தால் புரொபேட் என்றைக்குமே கட்டாயம் இல்லை. அதே 1925 சட்டத்தின் பழைய 213-ஆம் பிரிவின் கட்டாயம் சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் அசல் எல்லைக்கும் பழைய வங்காளப் பகுதிக்கும்தான். சென்னையில் ஒரு ஃபிளாட் இருந்தால் மட்டும் அப்போது நம் ஊர்க்காரர் மாட்டிக்கொள்வார். அந்த 213-ஐயும் 2025 கடைசியில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. வேண்டும் என்று விரும்புகிறவர் மாவட்ட நீதிமன்றத்தில் வாங்கிக்கொள்ளலாம். தாலுகா அலுவலகத்தில் கேட்பது பெரும்பாலும் 'தகராறு இருக்கு, கோர்ட்டுக்குப் போ' என்பதன் மரியாதையான வடிவம்.

#12 டவுன்_ரதவீதி

சரி, நான் முதல்ல சொன்னது தப்பு, ஒத்துக்கிடுதேன். ஆனா இதைச் சொல்லுங்க. தம்பியோட அப்பா ஆச்சிக்கு முன்னாடியே இறந்துட்டாரே. வாங்க வேண்டிய ஆளே இல்லைன்னா அந்தப் பாதி வயல் எப்படி அவருக்குப் போகும்? அந்த வரியே செத்துப்போச்சுல்லா?

#13 பாளை_வக்கீல்

இந்தத் தடவை நல்ல கேள்வி. பொதுவிதி நீங்கள் சொல்வதுதான், அதே 1925 சட்டத்தின் 105-ஆம் பிரிவு. ஆனால் உயில் எழுதியவரின் சொந்தப் பிள்ளைக்கோ பேரனுக்கோ எழுதியிருந்தால் 109-ஆம் பிரிவு வந்து நிற்கும். பிள்ளை முன்னாடியே இறந்து, அந்தப் பிள்ளையின் பிள்ளையோ பேரப்பிள்ளையோ யாராவது உயிரோடு இருந்தால், எழுதிக் கொடுத்தது போகாது. பிள்ளை, அம்மாவுக்கு அடுத்த நிமிஷம்தான் இறந்தது போலக் கணக்கு. உயிலில் இதற்கு மாறாக எழுதியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

#14 சீவலப்பேரி_மருமக

நான் வக்கீல் இல்லை, வீட்டுல இருக்கவ. முதல் பதிவை ரெண்டு தடவை படிச்சுட்டேன். தம்பி, உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா? அம்மா இருக்காங்களா? 'வயல்ல பாதியை என் பேருக்கு'ன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பாதி உங்க அப்பாவோடதுல்லா?

#15 கன்னடியன்கால்

அம்மா இருக்காவ, ஊர்லதான். ஒரு தங்கச்சி, கட்டிக்கொடுத்து கோவில்பட்டியில இருக்கா. அவ வேண்டாம்னுதான் சொல்லுவா. கல்யாணத்துக்கு 40 பவுன் போட்டோம். அம்மாவும் நானும் ஒண்ணுதானே.

#16 சீவலப்பேரி_மருமக

வேண்டாம்னு சொன்னாளா, சொல்லுவாளா?

#17 கன்னடியன்கால்

கேக்கலை மைனி.

#18 பாளை_வக்கீல்

மைனி கேட்டதை நான் முதலில் கேட்டிருக்கணும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், இந்த இழையிலேயே சுவாரசியமான இடம் இதுதான்.

உயில் இல்லை என்று வையுங்கள். ஆச்சி இந்துப் பெண், கணவர் இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவுப்படி மகன்களுக்கும் மகளுக்கும் சமபங்கு. முன்னால் இறந்த மகனின் பங்கு அந்த மகனின் பிள்ளைகளுக்கு. 84 சென்ட்டை மூன்றாகப் பிரித்தால் தலைக்கு 28. உங்கள் அப்பா கிளைக்கு வரும் 28-ல் உங்களுக்கு 14, தங்கைக்கு 14. அம்மாவுக்குச் சுழியம். பெண்ணின் சொத்துக்கான அந்த முதல் வரிசையில் முன்னால் இறந்த மகனின் மனைவிக்கு இடம் இல்லை. மாமனார் சொத்தாக இருந்தால் உண்டு, மாமியார் சொத்தில் இல்லை.

உயில் நின்றது என்று வையுங்கள். உங்கள் அப்பாவுக்கு 42 சென்ட். 109-ஆம் பிரிவுப்படி அவர் ஆச்சிக்கு அப்புறம் இறந்தது போலக் கணக்கு என்பதால், அது அப்பாவின் சொத்தாகவே இறங்கும். சட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: மகனுக்கு எழுதி வைத்த பணம், முன்பே இறந்த அந்த மகனின் உயில்படி அவன் விதவைக்குப் போகிறது. உங்கள் அப்பா உயில் எழுதவில்லை என்றால் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமம். ஆளுக்கு 14.

ஆக வயலில் உங்களுக்கு உயில் இருந்தாலும் 14, இல்லாவிட்டாலும் 14. தங்கைக்கும் அப்படியே. வீட்டில்தான் வித்தியாசம்: உயில் நின்றால் நீங்களும் தங்கையும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கை இழக்கிறீர்கள். உயிலால் உங்கள் வீட்டில் லாபம் அடைகிற ஒரே ஆள் உங்கள் அம்மா. அந்த 14 சென்ட்டுக்காகத்தான் நீங்கள் தாராவி போகிறீர்கள்.

#19 பத்திர_எழுத்தர்_ஓய்வு

வக்கீலய்யா, 38 வருசத்துல எத்தனை பாகப்பிரிவினை எழுதியிருக்கேன், இந்தக் கணக்கு ஒரு நாளும் தோணினதில்லை. மாமியா சொத்துன்னா மருமகளுக்கு இல்லைன்னு தெரியும். உயில் வந்தா அவ பக்கம் திரும்பும்னு இன்னைக்குத்தான் பார்க்கேன்.

தங்கச்சி விஷயம். வாயால வேண்டாம்னு சொன்னா அது காத்தோட போச்சு. பங்கை விட்டுக்கொடுக்குத விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியணும். 40 பவுன் போட்டதெல்லாம் சட்டத்துல எங்கயும் கழிவு கிடையாது.

#20 கன்னடியன்கால்

ரெண்டு நாளா பதில் எழுதத் தோணலை. அம்மாகிட்ட சொன்னேன். "எனக்கு எதுக்குடா வயலு"ன்னாவ. கொஞ்ச நேரம் கழிச்சு, "எந்தப் பக்கம் வரும்?"னு கேட்டாவ.

#21 சாயர்புரம்_டீச்சர்

இதைப் படிக்கும்போது எங்க வீட்டுக் கதை ஞாபகம் வருது. நாங்க கிறிஸ்தவங்க. அப்பா உயில்ல வீட்டை அண்ணனுக்கு எழுதினாங்க. சாட்சிக்கு ஆள் இல்லைன்னு அண்ணியையே கையெழுத்துப் போட வச்சுட்டாங்க. அவ்வளவுதான், வீடு எழுதின அந்த வரி செல்லாமப் போச்சு. வாரிசுரிமைச் சட்டம் 67-ஆம் பிரிவு. சாட்சி போட்டவருக்கோ அவரோட கணவன் மனைவிக்கோ எழுதினது எதுவும் நிக்காது. கடைசில வீட்டுல அம்மாவுக்கு மூணுல ஒண்ணு, மீதி பிள்ளைங்களுக்குச் சமமா வந்துச்சு. அண்ணி இன்னைக்கு வரைக்கும் என்கூட சரியாப் பேசறதில்லை. நானா கையெழுத்துப் போடச் சொன்னேன்?

அதனால கடைக்காரருக்கு உங்க உயில்ல ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க.

#22 பாளை_வக்கீல்

டீச்சர் சொன்னது கிறிஸ்தவர்களுக்கு முழுக்கச் சரி. ஆனால் அந்த 67-ஆம் பிரிவு இந்துக்கள் உயிலுக்குப் பொருந்தாது. இந்துக்களுக்கு எந்தெந்தப் பிரிவு என்று மூன்றாம் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது, அதில் 67 கிடையாது. பலன் பெறுகிறவரே சாட்சி போட்டால் இந்து உயிலில் அது சந்தேகத்துக்கு இடம், அவ்வளவுதான். கல்யாணம் செய்தால் பழைய உயில் ரத்தாகும் என்பதும் அப்படியே: கிறிஸ்தவர்களுக்கு உண்டு, இந்துக்களுக்கு இல்லை. பாளையங்கோட்டையில் ஒரே தெருவில் மூன்று சட்டம் குடியிருக்கிறது.

#23 மேலப்பாளையத்தான்

மூணாவது நாங்கதானே! எங்களுக்கு உயில்ல மூணுல ஒரு பங்குக்கு மேல எழுத முடியாது. வாரிசா இருக்கவங்களுக்கு எழுதினா, மத்த வாரிசுங்க சம்மதிச்சாத்தான் உண்டு. அதனால பெரியவங்க உயிரோட இருக்கும்போதே ஹிபா (தானம்) கொடுத்து, சாவியையும் கையில கொடுத்துருவாங்க. கொடுத்தவங்க பிடியை விடணும், வாங்கினவங்க கைக்கு வரணும். வாயால கொடுத்துட்டு வாடகையை அவங்களே வாங்கிட்டிருந்தா பின்னாடி தகராறுதான்.

#24 சேரன்மாதேவி_முருகன்

உயிலுக்கு இவ்வளவு பாடுன்னா பேசாம உயிரோட இருக்கும்போதே சொத்தைக் கொடுக்குத செட்டில்மென்ட் பத்திரம் எழுதிட்டுப் போயிரலாம்லா?

#25 சீவலப்பேரி_மருமக

அவசரப்படாதீங்க. எங்க மாமா அப்படித்தான் ஒரு மகனுக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதினாங்க. பதிஞ்ச அன்னைக்கே சொத்து கை மாறிட்டு. ஆறு மாசத்துல மாமாவோட கட்டில் திண்ணைக்கு வந்துட்டு. உயில்னா நினைச்சா மாத்தலாம், கிழிச்சுப் போடலாம். செட்டில்மென்டை அப்படித் தன்னிச்சையா ரத்து பண்ண முடியாதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

கடைசில மூத்த குடிமக்கள் சட்டத்துல, 2007-ல வந்தது, 23-ஆம் பிரிவுன்னு ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) கிட்ட மனு போட்டோம். 'பராமரிக்கணும்னு பத்திரத்துல எழுதியிருக்கா?'ன்னுதான் முதல் கேள்வி. நல்லவேளை, எழுதின ஆள் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரியிலதான் வீடு திரும்பி வந்துச்சு.

#26 பத்திர_எழுத்தர்_ஓய்வு

அந்த வரியை நான் கேக்காமலே எழுதிருவேன். "என் ஆயுள் உள்ளவரை அனுபவ பாத்தியம் எனக்கே, என்னைக் காப்பாத்தி வர வேண்டியது"ன்னு. அப்பா மகன் பாசத்துல "அதெல்லாம் எதுக்கு"ம்பாங்க. எழுதினா பாசம் குறைஞ்சிரப் போகுதா?

#27 கன்னடியன்கால்

ரெண்டு கேள்வி விட்டுப்போச்சு. ஒண்ணு, பேங்க்ல ஆச்சி பேர்ல ஒரு வைப்புத்தொகை, நாமினி சித்தப்பா. அவிய எடுத்துட்டாவ, கேட்டா 'என் பேர்தான் இருக்கு'ங்காவ. இன்னொண்ணு, அந்த சாஸ்தா வரி. கோயில் சொத்துன்னு யாராவது வந்து நிப்பாங்களான்னு அத்தைக்குப் பயம்.

#28 பாளை_வக்கீல்

நாமினி, பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் கை மட்டும்தான். இன்ஷூரன்ஸ் பணத்தில் 1983-லேயே சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (இன்ஷூரன்ஸ் விதி மட்டும் 2015-ல் ஓரளவு மாறியது). வங்கி டெபாசிட், ஷேர் எல்லாவற்றுக்கும் பின்னால் வந்த தீர்ப்புகளும் அதே வழிதான். உயில் அந்தப் பணத்தைப் பற்றிப் பேசாவிட்டால் மூன்று கிளைக்கும் பங்கு உண்டு. அந்தப் பணத்தில் அம்மாவுக்கு இல்லை, முன்பு சொன்ன அதே காரணம்.

சாஸ்தா வரியை அப்படியே தட்டச்சு செய்து போடுங்கள். ஒரு சொல்லும் மாறக் கூடாது.

#29 கன்னடியன்கால்

"மேற்படி நஞ்சையின் மாசூலில் வருஷந்தோறும் பங்குனி உத்திரத்துக்கு நம் சாஸ்தா கோவிலில் பானக்காரமும் படைப்பும் செய்து மீதியை மேற்படி இருவரும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

#30 பாளை_வக்கீல்

'மீதியை அனுபவித்துக்கொள்ள' என்ற சொல் போதும். நிலம் குடும்பத்துக்கு, செலவு அதன் மேல் ஒரு சுமை. நிலத்தையே சாஸ்தாவுக்கு எழுதி, நிர்வாகம் மட்டும் உங்களுக்கு என்று இருந்திருந்தால் கதை வேறு. அது அறக்கட்டளைச் சொத்தாகியிருக்கும், 1959 அறநிலையச் சட்டம் வந்திருக்கும், விற்கவோ பிரிக்கவோ அனுமதி இல்லாமல் முடியாது. இங்கே பிரிக்கலாம், விற்கலாம். ஆனால் விஷயம் தெரிந்து வாங்குகிறவரோடு பானக்காரமும் சேர்ந்தே போகும். பாகப்பிரிவினையில் யார் எந்த வருஷம் செய்வது என்று எழுதிவிடுங்கள்.

#31 டவுன்_ரதவீதி

எங்க சாஸ்தாவுக்கு இப்படி எழுதின வயலு எங்க இருக்குன்னே இப்ப யாருக்கும் தெரியலை. வருசா வருசம் உத்திரத்துக்குப் போய், மரத்தடியில உக்காந்து, அந்த வயலைப் பத்திப் பேசிட்டு வருவோம்.

#32 கன்னடியன்கால்

தாராவி போயிட்டு வந்தேன். நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

கடைக்காரத் தாத்தாவுக்கு காது மட்டும் மந்தம், மத்தபடி தெளிவு. வக்கீலய்யா சொன்னமாதிரி நான் எதையும் எடுத்துக் கொடுக்கலை. உயிலோட போட்டோவை போன்ல பெருசாக்கிக் காமிச்சேன். பார்த்த உடனே சிரிச்சார். "இது என் கடை மைல்லா"ன்னார்.

அவர் சொன்னது இது. ஆச்சி அந்த ஆவணியில வாய்க்கால் படித்துறையில வழுக்கி விழுந்திருக்காவ. வலது மணிக்கட்டுல கட்டு. மூங்கில் தப்பை வச்சு, முட்டை வெள்ளை பூசி, விரல் நுனி மட்டும் வெளிய தெரியிற மாதிரி. பேனா பிடிக்க முடியலை. வாத்தியார் மை டப்பா இல்லைன்னு யோசிக்க, இவர் கடைக்கு ஓடி, பில்லுல கடைப் பேரைக் குத்துத ஊதா மை டப்பாவை எடுத்துட்டு வந்திருக்கார். நானும் உயிலை மறுபடி பார்த்தேன். கைநாட்டு ஊதாதான், வாத்தியார் எழுத்து நீலம். இத்தனை நாளா கவனிக்கலை. ஆச்சி வச்சதையும், வாத்தியார் போட்டதையும் பார்த்தேன், நானும் அங்கனயே போட்டேன்னு ரெண்டு தடவை சொன்னார்.

திரும்பி வந்து சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அத்தையும் வந்திருந்தாவ. மை டப்பாவைச் சொன்னப்ப சித்தப்பா அசையலை. கட்டுன்னு சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாவ. ஆச்சியை சைக்கிள் கேரியர்ல உக்கார வச்சு எலும்புக் கட்டு வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போனதே அவியதானாம். "அந்த வருசமா அது?"ன்னு மட்டும் கேட்டாவ. சித்தி காப்பி கொண்டு வந்து வச்சாவ, ஆறிப்போற வரைக்கும் யாரும் எடுக்கலை. பெட்டி ஏன் அத்தை வீட்டுக்குப் போச்சுன்னும் அப்பதான் வந்துச்சு. துட்டி வீட்டுல பதினாறு முடிஞ்ச அன்னைக்கு, "பழைய சேலையெல்லாம் நீ எடுத்துட்டுப் போ"ன்னு தூக்கி வண்டியில வச்சதும் சித்தப்பாதான்.

#33 பாளை_வக்கீல்

நல்ல சாட்சி. இருந்தாலும் வழக்கு என்று போனால் முன்சீப், சார்பு நீதிமன்றம், மேல்முறையீடு, மதுரைக் கிளை என்று உங்கள் பிள்ளைக்கும் வேலை வைத்துவிட்டுப் போகும். சித்தப்பா மனம் இளகியிருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். உயிலை ஒப்புக்கொண்டு எல்லாரும் சேர்ந்து ஒரே பத்திரமாக எழுதிப் பதிந்துவிட்டால், பட்டா மாற்றத்துக்குத் தாசில்தார் கேள்வி கேட்க மாட்டார்.

#34 பத்திர_எழுத்தர்_ஓய்வு

குடும்பத்துக்குள்ள பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், பங்குக்கு 40,000 ரூபாய்க்கு மேல போகாது. எழுதுததுக்கு முன்னாடி சர்வேயரை வச்சு அளந்து உட்பிரிவுக்கு மனு போடுங்க. மூலப்பத்திரத்துல 'இத்தனை மரக்கால் விதைப்பாடு, வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் வயல்'னு இருக்கும். அந்த இன்னார் பேரன் வயலை வித்து எத்தனை கை மாறிச்சோ! சர்வே நம்பரோட ஒத்துப் பாருங்க.

#35 கன்னடியன்கால்

உத்திரம் முடிஞ்சு எழுதுதேன். பத்திரம் பதிஞ்சாச்சு. 3-ஆம் புத்தகத்துல வேற உயில் எதுவும் இல்லை. வீடு அத்தைக்கு, மூணு வருசம் சித்தப்பா அங்கனயே இருந்துக்கலாம்னு எழுதியிருக்கு. வயல்ல தெக்கு 42 சித்தப்பாவுக்கு. வைப்புத்தொகையில எங்க பங்கு கணக்கை சித்தப்பா இன்னும் முடிக்கலை, அறுவடைக்கு அப்புறம்ங்காவ. பார்ப்போம். உத்திரச் செலவு இந்த வருசம் அவிய, அடுத்த வருசம் நாங்க.

மைனிக்கு ஒரு செய்தி. தங்கச்சிகிட்ட போன்ல பேசாம கோவில்பட்டிக்கு நேர்லயே போய்க் கேட்டேன். கையோட விடுதலைப் பத்திர மாதிரி ஒண்ணும் அடிச்சு எடுத்துட்டுப் போயிருந்தேன், மறைக்க விரும்பலை. அவ அதை வாசிச்சுட்டு மடிச்சு என் சட்டைப் பையிலயே வச்சுட்டா.

"நான் வேண்டாம்னு யார்கிட்ட சொன்னேன்?"ன்னா. அப்புறம் வடக்கு ஓரம், வாய்க்காலை ஒட்டின 14 சென்ட் தனக்கு, அதுக்கு அடுத்தது அம்மாவுக்குன்னு அவளே பிரிச்சுட்டா. தண்ணி முதல்ல அவ வயல்லதான் பாயும். மடையைத் திறக்க நான் அவகிட்ட கேட்டுக்கணுமாம்.

#36 சீவலப்பேரி_மருமக

கேளுங்க, கேளுங்க.